நாலு தசம் மூன்று ஏழு

அட்டையில் அச்சடித்திருப்பது நாலு தசம் ஏழு.
கணினி எண்ணும் கணக்கில் நாலு தசம் மூன்று ஏழு.
மிச்சம் எங்கே என்று கேட்டுக்கொண்டு
களுவாஞ்சிக்குடிச் சந்திக்கு இதுவரை
யாரும் வந்ததில்லை.

பத்மசீலன் கொண்டுவந்தது நாலு கசெற்.
துறைநீலாவணையில் செத்தவீடு மூன்று,
முப்பத்தோராம் நாள் ஒன்று.
மூன்று மணி பன்னிரண்டு நிமிசம்.

"ஒரே தட்டில வேணும் தங்கச்சி.
ரெண்டாப் பிரிச்சா
ரெண்டாவதை அக்கா போடவே மாட்டா."

கொஞ்சம் வெட்டலாமா என்றேன்.

"ஒண்டையும் வெட்டாதீங்க.
ஆர் வந்த, ஆர் வரல்ல எண்டு
சுவிசில இருந்து அவ எண்ணுவா."

சினிமாப் படமென்றால் எனக்குக் கைப்பழக்கம்.
வாடகைக் கடைக்கு ஒரு தட்டில் மூன்று படம் அடைத்திருக்கிறேன்.
சண்டைக்குக் கூட்டு, அழுகைக்குக் குறை,
கடைசியில் ஏறிப்போகும் பெயர்களைப் பட்டினி போடு.
அந்தப் பெயர்க்காரர் யாரும்
பஸ் ஏறி வந்து சண்டை பிடிக்கப்போவதில்லை.

இதில் எல்லாரும் பெயர்க்காரர்.

கொள்ளளவை நொடிகளால் வகுத்தேன்.
சத்தத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கழித்தேன்,
பயத்துக்குக் கொஞ்சம்.
நொடிக்கு மூவாயிரம் நின்றது.

முதல் ஓட்டம் எதையும் எழுதாது, பார்க்கும்.
எது ஆடுகிறது, எது ஆடவில்லை என்று
தனக்கொரு கோப்பில் குறித்துக்கொள்ளும்.
இரண்டாம் ஓட்டத்தில்தான் பங்கு.

பறையடிப்பவரின் கைகளுக்கு அள்ளிக் கொடுத்தது.
கட்டின வெள்ளை காற்றில் ஊதும்போதெல்லாம் கொடுத்தது.
பாடை வாவியோரம் போகையில்
தண்ணீரில் வெயில் நொறுங்க, நொறுங்க
கேட்டது கேட்டபடி.
குழிக்குள் மண் விழும் பதினொரு நொடியில்
எட்டாயிரத்தில் போய்த் தலையை இடித்தது.
ஒவ்வொரு மணலும் அதற்குப் புதிசு.

தகப்பனின் முகத்துக்கு
எழுநூறுகூடப் போகவில்லை.
போன நொடியில் இருந்தது இந்த நொடியிலும் என்று
ஒரு வரி எழுதிவிட்டு
அங்கால் போய்விட்டது.
நெற்றியில், திருநீற்றுக்குக் கீழே,
சீமெந்துத் தரைபோலக் கட்டம் கட்டமாய்.

இரவு ஒன்பதுக்கு அமைப்பை மறுபடி திறந்தேன்.
சத்தத்தை ஒற்றைத் தடமாக்கினேன்.
ஒப்பாரி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுதான்,
இரண்டாய் வைத்திருந்தது வீண்.
தொண்ணூற்றாறு மிச்சம்.
தாழ்வெல்லையைப் பிடித்து
ஆயிரத்தைந்நூறுக்கு ஏற்றினேன்:
அசையாவிட்டாலும் இவ்வளவு கொடு.
மறுகாவும் இரண்டு ஓட்டம்.
காற்றாடியைக் கணினிப் பெட்டிக்குத் திருப்பிவிட்டு
கதிரையிலேயே கண்ணயர்ந்தேன்.

வியாழன் காலை
பத்மசீலன் கடையிலேயே போட்டுப் பார்த்தான்.
தகப்பனின் முகத்தில் நிற்கவில்லை.
ஓட்டினான். பறையில் நிறுத்தினான்.
அடிக்கிறவரின் கை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட சட்டம் அது.
கைக்குப் பின்னால் கிடுகு வேலி,
வேலியின் நிழல்,
நிழலில் ஒருவர் மாதிரி ஒன்று.

"இது ஆர்?"

கிட்டப் போனேன்.
எட்டுக்கு எட்டுக் கட்டங்கள்.
சாம்பல், கீழே கொஞ்சம் நீலம், சாரமாக இருக்கலாம்.
பறை முடியும்வரை அசையாமல் நின்றிருக்கிறார்.
இயந்திரம் அவரையும் வேலியோடு சேர்த்துவிட்டது.

"கசெற்றில துலக்கமாத் தெரியும்.
போட்டுப் பாப்பமா?"

கல்முனை பஸ் ஒன்று நின்று, ஆளிறக்கிப் போயிற்று.
பத்மசீலன் திரையில் விரலை வைத்தான்.
எடுத்தான்.
கட்டங்களின் மேல் ஒரு ரேகை.

"வேணாம்.
அக்காவே சொல்லட்டும்."

தட்டில் திகதி எழுதி, உறையில் போட்டு,
இருநூற்றைம்பது வாங்கினேன்.
நாலு கசெற்றையும்
மேசையிலேயே விட்டுப் போய்விட்டான்.

பின்னேரம் ஒரு கலியாணம் வந்தது.
நாலரை மணித்தியாலம்,
ஒரே தட்டு.